லாவ்ரியோன் வெள்ளி உலைகள்

கிரீஸில் ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே இருக்கிறது லாவ்ரியோன், பழங்கால வெள்ளிச் சுரங்கப் பகுதி. பைன் மரங்களுக்கு நடுவே பழைய தாது கழுவும் தொட்டிகள். சுமார் 2,400 வருடம் ஆகியும் சுவரில் பூசிய சாந்து வழவழவென்று ஒட்டியிருக்கிறது! மழைத் தண்ணீரைச் சேமித்து, சிக்கனமாகத் தாதுவைக் கழுவியிருக்கிறார்கள். அப்புறம் உலை. தாதுவில் ஈயத்தோடு கலந்துதான் வெள்ளி இருக்கும். அதை உருக்கி, உருகிய ஈயத்தின் மேல் காற்றை ஊதினால் ஈயம் ஆக்சைடாகிப் பிரிந்துவிடும், வெள்ளி மட்டும் தங்கும். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகர்களை வென்ற ஏதென்ஸ் கப்பல்களில் பெரும்பகுதி இந்த வெள்ளிப் பணத்தில் கட்டியவைதான். கட்டச் சொன்ன ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டாக்கிளீஸின் பெயர் வரலாற்றில் நிற்கிறது, சரி. ஆள் நிமிரக்கூட முடியாத சுரங்கத்தில் தவழ்ந்து தாது வெட்டிய ஆயிரக்கணக்கான அடிமைகளை யார் நினைக்கிறோம்? அந்தப் போரை ஜெயித்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்றுதான் நான் சொல்வேன்.