திருப்புதலும் திருத்துதலும்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் படித்த முதல் ஆண்டில், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களை நான்கு முறை திருப்பியிருந்தும், மாதிரித் தேர்வுகளில் ஒரே வகை வினாக்களையே தொடர்ந்து தவறவிட்டேன். காரணம் பிடிபட்டது, தன்வினை (தானே செய்வது), பிறவினை (பிறரைச் செய்யவைப்பது) பகுதியைப் படித்தபோதுதான்.

திரும்பு என்பதன் பிறவினை திருப்பு. திருந்து என்பதன் பிறவினை திருத்து. ஒலியில் நெருங்கியிருந்தாலும், முன்னது படித்ததை மீண்டும் கண்முன் கொண்டுவருவது. பின்னது அதிலுள்ள பிழையை நீக்கிச் செம்மைப்படுத்துவது. பொதுத்தேர்வுக்கு முன் நாம் எழுதுவது திருப்புதல் தேர்வு. அந்த விடைத்தாளைச் சிவப்பு மையால் ஆசிரியர் திருத்துவார். பள்ளியில் திருத்துவது ஆசிரியரின் வேலையாக இருந்ததாலோ என்னவோ, தனியாகப் படிக்கத் தொடங்கியபோது அந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளவே இல்லை.

நான் தவறவிட்ட வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு: தேன்தமிழ் உவமை, தமிழ்த்தேன் உருவகம். நூலைத் திறந்து வைத்திருக்கும்போது இது தெளிவாகவே தெரிந்தது. மூடியதும் இரண்டும் இடம் மாறின. ஐந்தாம் முறை படிப்பதற்குப் பதிலாக, ஒரு குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் வினாவையும் என் தவறான விடையையும் எழுதி, வலப்பக்கத்தில் அப்படி நினைத்த காரணத்தை எழுதினேன்: "தேன் முன்னால் நிற்பதைக் கண்டதும், தமிழையே தேனாக்கிவிட்டார்கள் என்று எண்ணிவிட்டேன்." அதன் கீழே, "தேன் போன்ற தமிழ், தமிழாகிய தேன்" என்று இரண்டையும் விரித்து எழுதினேன். விரித்துப் பார்க்கும் பழக்கம் வந்தபின் இந்த வகை வினாவில் குழப்பம் வரவில்லை.

இப்போதைய முறையில் 200 வினாக்களில் 100 தமிழுக்குரியவை. அதில் 40 விழுக்காடு பெறாவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே தமிழை எத்தனை முறை திருப்பினோம் என்று எண்ணுவதோடு, எத்தனை பிழைகளைத் திருத்தினோம் என்றும் எண்ண வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மாதிரித் தேர்வு எழுதிய அன்றிரவே திருத்திவிடுங்கள். இரண்டு நாள் கடந்தால், தவறான விடையைத் தேர்ந்த காரணம் நமக்கே மறந்துவிடும்.

திருத்தியதுகூடத் திருப்பாவிட்டால் மங்கும். தேர்வுக்கு முந்தைய வாரம் நான் பாடநூல்களைத் தொடவில்லை. வலப்பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அந்தக் குறிப்பேட்டை மட்டுமே தினமும் திருப்பினேன்.