சின்னப் பீப்பாயில் விஸ்கி: மரம் சீக்கிரம் இறங்கும், வயது இறங்காது

பீப்பாய் சிறுத்தால் விஸ்கி சீக்கிரம் முதிரும் என்பார்கள். அது பாதி உண்மைதான். 200 லிட்டர் பீப்பாயை அதே வடிவில் 2 லிட்டருக்குச் சுருக்கினால், ஒவ்வொரு லிட்டர் சாராயமும் தொடும் மரப்பரப்பு ஏறக்குறைய நாலரை மடங்காகிவிடும். நிறம், வனிலா மணம், துவர்ப்பு எல்லாம் சில வாரங்களிலேயே இறங்கும். ஆனால் காற்று மெல்ல உள்ளே போய்ச் சாராயத்தின் காரத்தைத் தணிக்கும் வேலைக்குக் குறுக்குவழி கிடையாது. ஆகவே எப்போது வெளியே எடுப்பது என்பதுதான் இதில் முழு வித்தையும்.

வாங்கும்போது உள்பக்கம் கரியாக்கப்பட்ட வெள்ளை ஓக் பீப்பாயா என்று பாருங்கள். உள்ளே மெழுகு பூசியது அலங்காரத்துக்கு மட்டுமே ஆகும். உதிரிக் கரி போகும்வரை அலசி, வெந்நீர் நிரப்பி, ஒரு தட்டின் மேல் வையுங்கள். முதல் நாள் ஒழுகத்தான் செய்யும். பலகைகள் ஊறி உப்பினால் தானே அடைபடும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். நான்கு நாளாகியும் கசிந்தால், அந்த இடத்தை வெளியே துடைத்துத் தேன்மெழுகைத் தேயுங்கள். வாரக்கணக்கில் தண்ணீரோடு விட்டால் பூஞ்சை வாடைதான் மிஞ்சும்.

ஊற்றுவதற்குப் பழுப்பேறாத புதுச் சாராயமே நல்லது. அதை வாங்கித்தான் ஆக வேண்டும். வீட்டில் வடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். ஸ்காட்லாந்தில் 63.5 சதவீத ஆல்கஹால் வலிமையில் நிரப்புவது வழக்கம். சின்னப் பீப்பாய்க்கு 55 முதல் 60 போதும். 40 சதவீதத்தில் ஊற்றினால் ஆவியாவது போக எஞ்சுவது நீர்த்துப்போய் நிற்கும். 55-60 சதவீதச் சாராயம் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புப் பக்கமே வேண்டாம்.

வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, வாரம் ஒருமுறை கால் சுற்று திருப்புங்கள். இல்லாவிட்டால் மேல் பலகை காய்ந்து விரிசல் விடும். பெரிய பீப்பாயில் ஸ்காட்லாந்துக் கணக்கு வருடத்துக்குச் சுமார் 2 சதவீத இழப்பு. சின்னப் பீப்பாயில் அதைவிடப் பல மடங்கு போகும். வறண்ட காற்றில் தண்ணீர் அதிகம் போய் வலிமை ஏறும். ஈரக்காற்றில் சாராயம் அதிகம் போய் வலிமை இறங்கும்.

புதுப் பீப்பாயில் இரண்டாம் வாரத்திலிருந்தே வாரந்தோறும் ஒரு ஸ்பூன் எடுத்து, அதே அளவு தண்ணீர் கலந்து சுவையுங்கள். நிறத்தை நம்பவே கூடாது, அதுதான் முதலில் ஏமாற்றும். நாக்கின் ஓரம் உலர்ந்து இழுக்கத் தொடங்கினால் எல்லை நெருங்கிவிட்டது, அன்றே எடுத்துவிடுங்கள். தாண்டிப்போனதைக் காத்திருந்து சரிசெய்ய முடியாது. கொஞ்சம் பழுப்பேறாத சாராயத்தைக் கலந்தால் ஓரளவு மீளும். அதனால் அரை லிட்டரைத் தொடாமல் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

எடுத்ததைக் காபி வடிதாளில் வடிகட்டுங்கள். 58 சதவீதத்தில் 1.5 லிட்டர் இருந்தால், 46-க்கு இறக்க ஏறத்தாழ 390 மில்லி தண்ணீர் வேண்டும். ஒரேயடியாக ஊற்றாமல் சில நாட்களில் பிரித்துச் சேருங்கள்.

இதற்கு ஸ்காட்ச் என்று பெயர் வைக்க முடியாது. அதற்கு ஸ்காட்லாந்திலேயே, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில், குறைந்தது 3 ஆண்டு கிடந்திருக்க வேண்டும்.

முதல் நிரப்பல் பீப்பாயின் முரட்டுத்தனத்தை உறிஞ்சிவிடும், இரண்டாவது மெதுவாக நடக்கும். என் கணிப்பில் அதுவே சுவையானது. முதல் முறை ஒலோரோசோ ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினை ஊற்றிச் சில வாரம் ஊறவிட்டு, அதன்பின் சாராயத்தை நிரப்புவதும் உண்டு. எடுத்த அன்றே அடுத்ததை ஊற்றிவிடுங்கள். காலியாகக் காய்ந்த பீப்பாய் மறுபடி ஒழுகத் தொடங்கும்.