கீழடிக் குழியின் மண்சுவர்: ஒரு கோடை நாட்குறிப்பு

ஏப்ரல் 24, 2023

இன்று அகழாய்வுக்கான புதுக் குழிக்குக் கயிறு கட்டினோம். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம், அதற்குள் நான்கு கால்பகுதிகள், நடுவில் தோண்டாமல் விட்டுவைக்கிற மண்சுவர். சிலைமான் தாண்டி இந்தத் தென்னந்தோப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் குழிக்குள்தான் எட்டிப் பார்க்கிறார்கள், எனக்கோ அந்தச் சுவர்தான் பெரிசு. தோண்டிய மண்ணையெல்லாம் அள்ளிக் கொட்டிய பிறகு எது மேலே கிடந்தது, எது கீழே கிடந்தது என்று சொல்ல அது ஒன்றுதானே மிச்சம். மேல்மண் முழுக்கத் தென்னை வேர், மதியம்வரை முக்கால் அடிகூட இறங்கவில்லை.

ஏப்ரல் 27

பானை ஓடுகள் வரத் தொடங்கிவிட்டன. பாதிக்கு மேல் கறுப்பு சிவப்பு ஓடுகள், உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. ஒவ்வொரு பையிலும் குழி எண், மண்ணடுக்கு, ஆழம், தேதி எழுதிய சீட்டு போட வேண்டும். சீட்டு இல்லாத பையில் எவ்வளவு அழகான விளிம்பு ஓடு இருந்தாலும் அது வெறும் ஓடுதான். ஆதன், குவிரன் என்று தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள் கிடைத்த ஊர் இது, அதனால் கழுவிக் காயவைத்த ஒவ்வொன்றையும் சாய்ந்த வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இன்றைக்கு எதிலும் கீறல் இல்லை.

மே 2

ராத்திரி கோடை மழை. காலையில் வந்தால் தார்ப்பாய் நடுவில் குளம் மாதிரி தண்ணீர், கிழக்குச் சுவரில் ஒரு முழ நீளத்துக்கு மண் சரிந்து கிடக்கிறது. பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. சரிந்த மண்ணில் இருந்த ஓடுகள் எந்த அடுக்கைச் சேர்ந்தவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது, அவற்றைத் தனிப் பையில் போட்டுத் தனியாகவே குறித்துவைத்தோம். மீதி நேரமெல்லாம் தண்ணீர் இறைத்ததில் போனது.

மே 5

அழகர் ஆற்றில் இறங்கிய நாள். வேலை இல்லை.

மே 9

அக்னி நட்சத்திரம், பத்து மணிக்கே கொத்துக்கரண்டியின் பிடி சுடுகிறது. இன்று நடந்ததைக் கட்டாயம் எழுதிவைக்க வேண்டும். மண் சுரண்டிக்கொண்டிருந்த பெரியம்மா சட்டென்று கையை நிறுத்தி, "பாப்பா, இங்கிட்டு சத்தம் வேற மாதிரி கேக்குது, செத்த வந்து பாரு" என்றார். நான் போய்த் தட்டிப் பார்த்தேன், இறுகிய களிமண். தூரிகையால் மெல்லத் தள்ளிக்கொண்டே போனதில் கெட்டித்த தரை ஒன்று கையகலத்துக்குத் தெரிந்தது. அவர் மட்டும் நிறுத்தாமல் போயிருந்தால் நாங்கள் அதை வெட்டிக்கொண்டு கீழே இறங்கியிருப்போம். பட்டம் படித்த எங்களுக்கு நிறம் தெரிகிறது, இந்தப் பக்கத்து வயலிலேயே வளர்ந்த அவருக்குக் கையிலேயே மண் தெரிகிறது. ஆய்வறிக்கைகளில் இப்படிப்பட்டவர்களின் பெயரும் வர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

சாயங்காலம் திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு பையன் இங்கே கற்கோடாரி கிடைக்குமா என்று கேட்டான். அதற்கு நீ பையம்பள்ளி, மயிலாடும்பாறைப் பக்கம் போக வேண்டும் தம்பி, அங்கேதான் புதிய கற்காலம், இது அதற்கு ரொம்பப் பிந்திய, செங்கல் கட்டடமும், சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறும் இருந்த ஊர் என்றேன். அப்புறம் அவனை உட்காரவைத்துச் சுவரில் மூன்று நிறங்களை எண்ணச் சொன்னேன். நான்கு எண்ணினான். நான்காவது நிஜமாகவே இருந்தது, மெல்லிய சாம்பல் வரி.

மே 17

இரண்டு நாளாகச் சுவரை வரைந்துகொண்டிருக்கிறோம். நூல் மட்டம் கட்டி, அடுக்குக்கு அடுக்கு அளந்து, வரைபடத் தாளில் புள்ளி வைத்து இணைக்கிற வேலை. 2018-இல் அகழாய்வின் நான்காம் கட்டத்தில் எடுத்த கரி மாதிரிகளைக் காலம் கணிக்க அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒன்றுக்குக் கி.மு. 580 என்று காலம் வந்தது, கீழடியின் வயதே அதனால் கூடிப்போனது. அந்த 353 என்ற எண்ணை யாரோ இப்படிக் குனிந்து நின்றுதான் அளந்திருப்பார்கள்.

சாம்பல் வரிக்குக் கீழே எங்களுக்கும் ஒரு கரித்துண்டு கிடைத்திருக்கிறது. கைபடாமல் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றி, ஆழத்தைக் குறித்தாயிற்று. வடக்குச் சுவர் இன்னும் வரையவில்லை, நாளைக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் தொடங்க வேண்டும்.