மூடிய குப்பை மேடு

லாஸ் ஏஞ்சலிஸில் 60ஆம் ஃப்ரீவேயில் போகும்போது தெற்கே பச்சையாக ஒரு குன்று தெரியும். புதிதாக வந்தவர்கள் போட்டோ எடுப்பார்கள், நானும் எடுத்திருக்கிறேன். புவென்டே ஹில்ஸ். உள்ளே பூராவும் குப்பைதான்! 1957 முதல் 2013 அக்டோபர் 31 வரை கொட்டியது, ஒரு நாளைக்கு 13,000 டன்னுக்கு மேல் அனுமதி இருந்ததாம்.

மூடியாச்சு, அப்புறம் என்ன வேலை என்று இந்தத் துறையில் இருக்கும் நண்பரிடம் கேட்டேன், சிரித்துவிட்டார். குப்பை மக்க மக்க மீத்தேன் வந்துகொண்டே இருக்கும், அதைக் குழாய் போட்டு உறிஞ்சி மின்சாரம் எடுக்கிறார்கள். கீழே டிகாஷன் மாதிரி கறுப்பாக இறங்கும் கழிவுநீர் நிலத்தடி நீரில் கலக்காமல் பிடிக்க வேண்டும். இதெல்லாம் போதாதென்று மேடு வருடா வருடம் அமுங்கும், அமுங்கினால் வாயுக் குழாய் தொய்யும், தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கி வாயு போகாமல் அடைக்கும், மறுபடி சரிவு பார்த்துத் தூக்கிக் கட்ட வேண்டும். மூடிய பிறகும் பொதுவாக 30 வருடம் பராமரிக்கச் சொல்கிறது அமெரிக்கச் சட்டம். சரிதான், நம் வீட்டுக் கடன் மாதிரி.

என் போட்டோவைக் காட்டினேன். புல்லைப் பார்க்கவே இல்லை மனுஷன், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழாயைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார்.