பனிவண்டியின் கார்புரேட்டரை முதன்முதலாகக் கழற்றியபோது

கனடாவின் சட்பரியில் எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் இரண்டு குளிர்காலங்களாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த பழைய ஸ்கீடூ பனிவண்டி, கடந்த டிசம்பரில் கயிற்றை ஏழெட்டு முறை இழுத்த பிறகு ஒருவழியாகக் கிளம்பியது. ஆனால் குளிரில் கிளம்புவதற்குக் கூடுதல் பெட்ரோல் தரும் சோக்கை எடுத்த மறுகணமே அணைந்துவிட்டது. சோக் போட்டால் ஓடும், எடுத்தால் நிற்கும். சோக்குக்கென்று தனி எரிபொருள் வழி இருக்கிறது. அது இல்லாமல் மெதுவோட்டத்தில் எஞ்சின் ஓடுவதற்கான பெட்ரோல் பைலட் ஜெட் என்னும் சிறு பித்தளைத் துண்டின் வழியாகத்தான் வர வேண்டும். அந்த வழி அடைபட்டிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிழை என்னுடையதுதான்: வண்டியை நிறுத்தி வைத்தபோது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் தங்கியிருந்த பெட்ரோலை நான் வடிக்கவில்லை.

பட்டறையில் சொன்ன கூலி, வண்டியை நான் வாங்கிய விலையோடு போட்டி போட்டதால், நானே கழற்றிப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். பெட்ரோல் ஆவிக்கு அஞ்சி ஹீட்டரை அணைத்துக் கதவையும் திறந்து வைத்ததில், விரல்கள் மரத்துப்போயின.

வண்டி கியூபெக்கின் வல்கூரில் உருவானது. எஞ்சின் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ். இரண்டு கார்புரேட்டர்களும் ஜப்பானின் மிகுனி விஎம் 34. இந்த 34 என்பது காற்று போகும் குழலின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. திருகுகளும் ஜப்பானியத் தரத்தில் அமைந்தவை என்பதை நான் தாமதமாகவே அறிந்தேன். பார்வைக்குச் சாதாரண நட்சத்திரத் திருகு போலவே இருந்தாலும், அவற்றின் பள்ளத்தின் வடிவம் சற்று வேறு. என்னிடமிருந்த திருப்புளி வழுக்கி, முதல் திருகின் தலையையே சிதைத்துவிட்டது. மற்ற ஏழையும் அதற்குரிய திருப்புளி வாங்கி வந்த பிறகே தொட்டேன்.

கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தைத் திறந்ததும், கருப்பட்டி காய்ச்சிய சட்டியின் அடியில் ஒட்டியிருப்பது போன்ற பழுப்புப் படிவு, காய்ந்த பெட்ரோலின் மிச்சம், தெரிந்தது. முதல் மாலை கிண்ணத்தையும், வேகமாக ஓடும்போது பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டையும் துடைத்து, பைலட் ஜெட்டைக் கழற்றாமலே அதன் வாயில் கிளீனரைப் பீய்ச்சி, எல்லாவற்றையும் மூடிவிட்டேன். பளபளவென்று இருந்தது, பழைய நோய் அப்படியே நின்றது.

மறுநாள் பைலட் ஜெட்டைக் கழற்றி விளக்குக்கு நேராகப் பிடித்தேன். வெளிச்சமே தெரியவில்லை. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. பித்தளை மென்மையானது என்பதால் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிக் கலவையே மாறிவிடும். ஆகவே இரவு முழுவதும் கிளீனரில் ஊறவைத்து, காலையில் அழுத்தக் காற்றை ஊதினேன். அப்போதுதான் குண்டூசி முனையளவு வட்டமான ஒளி தெரிந்தது. அடுத்த கார்புரேட்டரின் ஜெட்டில் வெளிச்சம் தெரிந்ததால் முதலில் அதை நல்லது என்று ஒதுக்கியிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான், அதில் தெரிந்தது வட்டமல்ல, பிறை என்று புரிந்தது. அதுவும் ஊறப் போனது.

இதில் இவ்வளவு கவனம் காட்டக் காரணம் உண்டு. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி, பிஸ்டனே உருகிவிடக்கூடும். கடுங்குளிரில் காற்றின் அடர்த்தி கூடுவதால் இந்த அபாயம் மேலும் பெருகும். அதனால் மெயின் ஜெட்டின் அளவில் நான் கை வைக்கவில்லை. எஞ்சினையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பரை மட்டும் வளைத்து, காற்று புகும்படி வெடிப்பு உண்டா என்று பார்த்துக்கொண்டேன்.

கார்புரேட்டரைக் கவிழ்த்தால் மிதவையின் கை, கிண்ணம் பொருந்தும் தளத்துக்கு இணையாக நிற்க வேண்டும். அது சரியாகவே நின்றது. இருந்தும் பூட்டிய பிறகு வடிகுழாயிலிருந்து பெட்ரோல் சொட்டியது. மீண்டும் திறந்து பார்த்தால், துடைக்கப் பயன்படுத்திய பழைய பனியனின் நூலிழை ஒன்று, கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசி வால்வின் இருக்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பனியன் துணியைக் கார்புரேட்டருக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது என்று எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

மூன்றாம் மாலை, காற்றுக் குழலைத் திறந்து மூடும் ஸ்லைடுகளை மாட்டினேன். வெட்டுப் பக்கம் காற்று வரும் திசையைப் பார்க்க வேண்டும், பக்கவாட்டுப் பள்ளம் உள்ளேயிருக்கும் முளையில் உட்கார வேண்டும். தவறினால் த்ராட்டில் திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். கைவிசையை அழுத்தி விட்டபோது இரண்டும் 'டக்' என்று ஒரே நேரத்தில் விழுவதைக் காதால் கேட்டு, இரண்டும் ஒருசேர எழுவதை விரலால் தொட்டு உறுதி செய்தேன். கைவிசையின் கம்பியோடு இணைந்த எண்ணெய்ப் பம்பின் குறிகளும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கயிற்றில் கை வைத்தேன்.

மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. ஒரு நிமிடம் சூடாக விட்டுச் சோக்கை எடுத்தேன். சற்றுத் தடுமாறி, பிறகு சீராக ஓடியது. தலை சிதைந்த அந்தத் திருகுக்கு மாற்று மட்டும் இன்னும் வாங்கவில்லை.