தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது வேடிக்கை, வாந்தி வராமல் இருந்தால் சரி. ஆம்புலன்ஸின் பின்பக்கம் நின்றுகொண்டு ஒருவருடைய நெஞ்சை அழுத்துகிறவளுக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு கண்டம். வண்டி திரும்பும்போது ஒரு கை தானாக மேலே இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது ஒரு கை. அந்த ஒரு கைக்கு வளர்ந்த ஆளின் நெஞ்சு 5 சென்டிமீட்டர் இறங்காது. வளைவு முடிந்து, திரும்பக் கையை வைத்து, இடம் சரிதானா என்று பார்த்து ஆரம்பிப்பதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும்.

நான் அவசர மருத்துவ உதவியாளர். மலையிலும் வேலை பார்த்திருக்கிறேன், இப்போது கீழே சேலத்திலும் பார்க்கிறேன். லீவு நாட்களில் லாட்ஜ் பையன்கள், ஜீப் டிரைவர்கள், எஸ்டேட் மேஸ்திரிகள், புதிதாக ஆம்புலன்ஸில் சேருகிறவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கிற முதலுதவி, சொல்லிக்கொடுக்கப் போவேன். எல்லோரிடமும் நான் முதலில் சண்டை போடுவது ஒரே விஷயத்துக்குத்தான். இதயம் நின்றவரைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். விழுந்த இடத்திலேயே வேலையை ஆரம்பியுங்கள்.

நம் ஊரில் இது எடுபடுவது கஷ்டம். ஒருவர் விழுந்தால் நாலு பேர் கை காலைப் பிடித்து ஆட்டோவில் போட்டுக்கொண்டு பறப்பதுதான் நமக்கு அக்கறை. அந்த மனசை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. துடிப்பு நின்ற பிறகு சிபிஆரும் மின்சார ஷாக்கும் இல்லாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். ஒண்டிக்கடையிலிருந்து அடிவாரம் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஏற்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு கோரிமேடு, அஸ்தம்பட்டி, அப்புறம்தான் ஜி.ஹெச். மே மாதம் கோடை விழா நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நெஞ்சு வலிக்கிறது, வியர்க்கிறது என்று பேசிக்கொண்டிருப்பவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாயுப் பிடிப்பு என்று சோடா வாங்கிக்கொடுத்து உட்காரவைக்கக் கூடாது, படியேறி நடக்கவும் விடக் கூடாது. நான் சொல்வது, கூப்பிட்டால் அசையாத, சரியாக மூச்சு விடாத ஆளைப் பற்றி.

அந்தச் “சரியாக” என்ற இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போனில் கேட்டால், “மூச்சு இருக்குதுங்க சிஸ்டர், இழுத்துக்கிட்டு இருக்குது” என்பார்கள். வாய் திறந்து மூடும், தாடை அசையும், எப்போதாவது ஒரு இழுப்பு, குறட்டை மாதிரி ஒரு சத்தம். அது மூச்சே இல்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் மூளையின் அடித்தண்டு செய்கிற கடைசி முயற்சி அது. உடம்புக்குத் தேவையான காற்று அதில் போய்ச் சேருவதில்லை. இன்னொன்று, இதயம் நின்ற அந்த நொடியில் சிலருக்குக் கை கால் வெட்டி இழுக்கும். உடனே யாராவது சாவிக்கொத்தைத் தேடி எடுத்துக் கையில் திணிப்பார்கள். வலிப்புக்கே அதனால் பிரயோஜனம் இல்லை. இங்கே அது நேரத்தையும் தின்றுவிடும். உலுக்கிக் கூப்பிடுங்கள், முகத்தையும் நெஞ்சையும் பாருங்கள். பயிற்சி பெற்றவர்கள் கழுத்து நாடியையும் கூடவே பார்க்கலாம். எல்லாம் சேர்த்து 10 விநாடிதான். நாடி இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கிற நிலைமை வந்தாலே இல்லை என்று வைத்துக்கொண்டு அழுத்த ஆரம்பிக்க வேண்டும். பயிற்சி இல்லாதவர்கள் நாடியைத் தேடவே வேண்டாம்.

ஒருவர் 108-க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கட்டும். இன்னொருவர் கீழே முட்டி போடட்டும்.

கட்டிலில் இருந்தால் தரைக்கு இறக்கிவிடுங்கள். இந்த ஓர் அடி தூரம் தூக்குவதற்கு மட்டும் என் அனுமதி உண்டு. மலைக் கிராமங்களில் கயிற்றுக் கட்டில் இருக்கும், டவுனில் நுரை மெத்தை. இரண்டிலும் நீங்கள் அழுத்துவது கட்டிலைத்தான், நெஞ்சை இல்லை. உள்ளங்கையின் அடிப்பகுதி நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நெஞ்சின் நட்டநடுவில் இருக்கட்டும். இன்னொரு கை அதன் மேல். முழங்கை மடங்காமல், தோள் நேர் மேலே வர, இடுப்பிலிருந்து உடம்பின் எடையை இறக்க வேண்டும். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. புதிதாக வருகிறவர்கள் ஆழத்தைச் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள். பிடிபடாதது மேலே விடுவதுதான். களைத்ததும் கை நெஞ்சின் மேலேயே சாய்ந்துவிடும். நெஞ்சு முழுசாக எழும்பினால்தான் இதயத்துக்குள் ரத்தம் திரும்பி நிரம்பும். நிரம்பாத இதயத்தை அழுத்தி என்ன வெளியே போகும்?

எண்ணுவதில் ஒரு தொல்லை உண்டு. 30 வரை சத்தமாக எண்ணச் சொன்னால் முதல் பத்து மடமடவென்று போகும். இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு என்று வந்ததும் நாக்கு இழுக்கும், நாக்கோடு கையும் நிதானமாகிவிடும். அதனால் என் வகுப்பில் பத்து பத்தாக மூன்று தடவை எண்ணச் சொல்வேன். வேகம் குறையாது, எண்ணிக்கையும் தப்பாது.

இனி நிறுத்துவதைப் பற்றி. ஏன் தூக்க வேண்டாம் என்கிறேன் என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. தெருவோர அடிபம்பில் தண்ணீர் அடித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். முதல் நாலைந்து அடிக்கு வெறும் காற்றுதான் வரும், அப்புறம்தான் தண்ணீர் ஏறும். நடுவில் கையை எடுத்தால் ஏறிய தண்ணீர் இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கிற குழாய்களில் அழுத்தம் ஏறுவதும் இப்படித்தான். தொடர்ந்து அழுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், நிறுத்தியதும் விழுந்துவிடும். அதனால்தான் எந்தக் காரணத்துக்கு நிறுத்தினாலும் 10 விநாடியைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, படி இறங்கும்போது, வண்டிக் கதவைத் திறக்கும்போது, வளைவில் திரும்பும்போது எத்தனை 10 விநாடி போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

எங்கள் ஆட்களுக்கே இது உறைப்பதில்லை. சைரன் போட்டுக் கிளம்பினால்தான் வேலை செய்த மாதிரி ஒரு நினைப்பு. சுற்றி நிற்கிற கூட்டமும் “ஏன் இன்னும் எடுக்கல?” என்று கத்தும். என்னோடு வருகிற பைலட் அண்ணன், அதாவது ஆம்புலன்ஸ் டிரைவர், இதில் கெட்டிக்காரர். “எடுத்தாச்சுங்க, ஆஸ்பத்திரியே இங்க வந்தாச்சு, கொஞ்சம் காத்து விடுங்க” என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தில் திடமான இரண்டு பேரைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுவார். நாடி திரும்பினால் கிளம்பலாம். இல்லையென்றால் எப்போது கிளம்புவது என்பதைப் போனில் இருக்கிற டாக்டரோடு பேசி முடிவு செய்கிறோம்.

அந்த இரண்டு பேர் எதற்கு என்றால், 2 நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற. “நான் இன்னும் அழுத்துவேன் சிஸ்டர்” என்று வீம்பு பிடிக்கிற தடியர்களை நிறைய பார்த்துவிட்டேன். அவருக்குக் களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்திருக்கும். பயிற்சிப் பொம்மையில் விளக்கு வைத்து ஆழம் குறைந்ததைக் காட்டினால் முகம் சுருங்கிப்போகும். மாறுகிறவர் எதிர்ப்பக்கம் முட்டி போட்டுத் தயாராக இருந்தால் 5 விநாடிக்குள் கை மாற்றிவிடலாம்.

கையால் அழுத்துகிற இந்த முறையை 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மூன்று பேர் எழுதி வெளியிட்டார்கள்: கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர். அதில் கௌவன்ஹோவன் டாக்டரே இல்லை, எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். “எங்களுக்கு எதுக்குங்க டாக்டர் வேலை?” என்று கேட்கிற ஜீப் டிரைவரிடம் இதைத்தான் சொல்வேன்.

மூச்சு கொடுப்பது பற்றி. வழிப்போக்கர் வெறும் கையால் அழுத்தினால் போதும், வாயோடு வாய் வைக்கத் தயங்கி ஒதுங்கி நிற்க வேண்டாம். நாங்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுப்போம். ஆம்பு பேக், அதாவது கையால் பிழிந்து மூச்சு கொடுக்கிற பை, கையில் கிடைத்ததும் புதியவர்களுக்கு ஒரு வெறி வந்துவிடும், பிழி பிழி என்று பிழிவார்கள். ஒரு மூச்சுக்கு ஒரு விநாடி, நெஞ்சு லேசாக எழும்புகிற அளவு, அவ்வளவுதான். அதிகமாக ஊதினால் நெஞ்சுக்கூட்டில் அழுத்தம் ஏறி ரத்தம் இதயத்துக்குத் திரும்புவது குறையும். காற்று வயிற்றுக்குள் போய் வாந்தியும் வரும்.

தண்ணீரில் மூழ்கியவர் விஷயம் வேறு. மேட்டூர்ப் பக்கம் ஆறும் அணையும் இருக்கிறது, மேலே கிளியூர் அருவி இருக்கிறது. மூழ்கியவருக்கு முதலில் போனது காற்று, அதனால் மூச்சு கொடுக்கத் தெரிந்தவர்கள் மூச்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தோளில் போட்டுக் குலுக்குவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் வேண்டாம். மின்சாரம் தாக்கியவரை மெயினை நிறுத்தாமல் தொடக் கூடாது. ஆனால் இடி விழுந்தவர் உடம்பில் கரண்ட் எதுவும் தங்காது, தைரியமாகத் தொடலாம். கூட்டமாக நின்றவர்கள் மேல் இடி விழுந்தால், முனகுகிறவர்களை விட்டுவிட்டுச் செத்தமாதிரி கிடப்பவரிடம் முதலில் போக வேண்டும். மற்ற விபத்துகளுக்கு நேர் தலைகீழ் இது. முனகுகிறவர் பெரும்பாலும் தேறிவிடுவார். கிடப்பவருக்கு இதயம் தானாகவே துடிக்கத் தொடங்கியிருந்தாலும் மூச்சு வர நேரம் ஆகும், அதற்குள் விட்டுவிடக் கூடாது.

ஏஇடி, அதாவது இதயத் துடிப்பைத் தானே பார்த்து ஷாக் கொடுக்கச் சொல்கிற கருவி, இருந்தால் நல்லது. பெட்டியைத் திறந்து ஆன் செய்தால் அதுவே பேசும், சொன்னதைச் செய்தால் போதும். சினிமாவில் திரையில் நேர்கோடு வந்ததும் ஷாக் கொடுத்து ஆளை எழுப்புவார்கள். நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது, அழுத்தம்தான். தாறுமாறாகத் துடிதுடிக்கிற இதயத்துக்குத்தான் ஷாக்.

விலா எலும்பு உடையும் என்ற பயத்துக்கு என் பதில்: உடையலாம், ஆறிவிடும். போலீஸ், கேஸ் என்ற பயம் ரோட்டில் அடிபட்டவரைத் தொடத்தான் வரும். 2016-இல் உச்ச நீதிமன்றமே உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று தனிப்பிரிவு சேர்த்துவிட்டார்கள். நல்லெண்ணத்தில் உதவியவரைப் பெயர் சொல்லச் சொல்லிக்கூட வற்புறுத்த முடியாது.

எல்லா வகுப்பிலும் கடைசி வரை யாரும் கேட்காமல் நெளிகிற கேள்வி ஒன்று உண்டு. நாகலூர்ப் பக்கத்து ஜீப் டிரைவர் ஒருவர்தான் வாய் விட்டுக் கேட்டார். “விழுந்தது பொம்பளையா இருந்தா எப்படிங்க சிஸ்டர் கைய வெக்கறது?” பின்வரிசையில் ஒரே சிரிப்பு. நான் சிரிக்கவில்லை, நியாயமான கேள்வி. அழுத்துவதற்குத் துணியை விலக்க வேண்டியதில்லை, சேலைக்கு மேலேயே கையை வைக்கலாம். ஏஇடி ஒட்டும்போதுதான் ஜாக்கெட்டை வெட்ட வேண்டிவரும், வெறும் தோலில்தான் அது ஒட்டும். அந்த நேரம் ஒரு துண்டையோ சேலையையோ பிடித்து மறைக்கக் கூட்டத்தில் இருக்கிற பெண்களைக் கூப்பிடுங்கள். தாலியைக் கழற்ற வேண்டாம், அதற்கொரு சண்டை வேண்டாம். கொடியைத் தோள்பக்கமாக ஒதுக்கிவிட்டு, உலோகம் படாத இடத்தில் ஒட்டினால் போதும்.

அவருக்கு இன்னும் திருப்தி இல்லை. “அந்தம்மாவோட வீட்டுக்காரர் பக்கத்துலயே நின்னாருன்னா?”

“அவரையே கூப்பிட்டு எதிர்ப்பக்கம் முட்டி போட வையுங்கண்ணா. 2 நிமிஷத்துல உங்களுக்கு ஆள் மாத்தணும்ல?”