அரசாணையில் எங்கள் பெயர் இருக்காது

கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனி முதலாளி. நிதி கேட்டு நாற்பது நிமிடம் நான் பேசியதைக் குறுக்கிடாமல் கேட்டார். காபி வந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஆராய்ச்சி பண்றது யுனிவர்சிட்டிங்க. பணம் போடறது கவர்ன்மென்ட். புள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறது அங்கன்வாடி டீச்சர். இதுல நீங்க எங்கீங்கம்மா வர்றீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு ரயிலேறினேன்.

எங்களுடையது சென்னையில் ஏழு பேர் வேலை பார்க்கும் சிறிய டிரஸ்ட். பேராசிரியர்கள் அறுபது பக்கத்துக்கு எழுதுவதை, துறைச் செயலாளர் காரில் போகும்போது படித்து முடிக்கிற மாதிரி இரண்டு பக்கமாக்குவோம். அதிகாரிகளோடு உட்கார்ந்து, அது திட்டமாகிக் களத்துக்குப் போகும்வரை கூடவே இருப்போம். நான் பத்து வருடம் கள ஆய்வில் இருந்தவள். நிதி கொடுத்துக்கொண்டிருந்த அமைப்பு ஒன்று விலகியதும், நிதி திரட்டும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். "நீ நல்லாப் பேசுவே" என்பதுதான் எனக்கிருந்த ஒரே தகுதி.

அந்த முதலாளியிடம் நான் சொன்னது தமிழ்நாட்டு அங்கன்வாடி ஆய்வின் கதை. ஒரு மையத்துக்குக் கூடுதலாக ஓர் அரைநேரப் பணியாளரைப் போட்டால் என்ன ஆகும் என்று கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் 320 மையங்களை எடுத்துச் சோதித்தார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. பிள்ளைகளின் மொழியும் கணக்கும் தேறின. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. அது எங்கள் ஆய்வு அல்ல, இந்த மாதிரி வேலைக்கு உதாரணமாகத்தான் சொன்னேன். ஆனால் உதாரணம் நன்றாக இருக்க இருக்க, அதில் எங்களுக்கு இடமே இல்லாதது போலத் தெரிந்துவிட்டது.

சரி, பெரிய கம்பெனிகளின் சிஎஸ்ஆர், அதாவது சமூகப் பொறுப்பு நிதியின் பக்கம் போகலாம் என்று பார்த்தேன். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்பது அதே சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. ஆராய்ச்சி என்ற சொல் அதில் உண்டு, ஆனால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவத்துக்குத்தான். சமூக அறிவியல்காரர்கள் கல்வி, ஊட்டச்சத்து என்ற கதவு வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

போதாததற்கு 'கொள்கை' என்ற சொல். ஆங்கிலத்தில் எழுதும்போது அது பிரச்சினையே இல்லை. தமிழில் "கொள்கை மாற்றத்துக்கு உழைக்கிறோம்" என்று சொன்னால் எதிரே இருப்பவர் முகம் மாறுகிறது. எந்தக் கட்சி என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். அன்றிலிருந்து "அரசுத் திட்டம்" என்றே சொல்கிறேன்.

வெளிநாட்டு நிதியின் கதை வேறு. வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட பிறகு, அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு அது 50. எங்கள் செலவில் பெரும்பகுதி சம்பளம். கட்டடமும் இல்லை, வண்டியும் இல்லை, மூளைதான் முதலீடு. இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. எங்கள் ஆடிட்டர்தான் விதிமுறையை விரித்துக் காட்டினார்: முதன்மையாக ஆராய்ச்சியிலோ பயிற்சியிலோ இருக்கும் அமைப்பு என்றால், களத் தரவைச் சேகரித்து ஆராய்பவர்களின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. இந்த வேலைக்கு வருகிற யாராக இருந்தாலும் முதலில் ஆடிட்டரிடம் ஒரு முழு நாள் உட்காருங்கள். ப்ரொபோசல் எழுதுவதை அப்புறம் கற்றுக்கொள்ளலாம்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி வந்தால் சில கம்பெனிகளிலிருந்து தானாகவே போன் வரும்: "மார்ச் 31க்குள்ள செலவு பண்ணிடுவீங்களா?" முதல் வருடம் ஆசைப்பட்டு ஒப்புக்கொண்டேன். ஆறு வாரத்தில் எந்த அரசுத் துறையும் அசையாது. செலவு காட்டியாக வேண்டுமே என்று கணக்கெடுப்புக்கு டேப்லெட்களாக வாங்கிக் குவித்தோம். அவற்றில் பாதி இன்னும் பீரோவில் இருக்கின்றன, சிலவற்றுக்கு உறைகூடப் பிரிக்கவில்லை.

அதற்கடுத்த வருடம் இன்னொரு அடி. ஒரு துறையில் எட்டு மாதம் பேசி, கோப்பு நகரத் தொடங்கியிருந்தது. நிதி கொடுக்கும் கம்பெனியின் குழு வந்து அதிகாரியைப் பார்ப்பதாக ஏற்பாடு. வருவதற்கு நான்கு நாள் முன்பு அவருக்கு இடமாற்றம். கம்பெனி அப்படியே ஒதுங்கிக்கொண்டது. நாங்கள் ஒதுங்கவில்லை. பழைய குறிப்பு, மாவட்டக் கூட்டங்களில் வந்த ஆட்சேபங்கள், செலவுக் கணக்கு எல்லாம் எங்களிடம்தான் இருந்தன. புதிய அதிகாரியிடம் முதல் நாளிலிருந்து தொடங்காமல், விட்ட இடத்திலிருந்து தொடங்க முடிந்தது. ஐந்து மாதம் கழித்து அரசாணை வந்தது. அதில் எங்கள் பெயர் இல்லை. அப்படித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். திட்டம் தன்னுடையது என்று துறை நினைத்தால்தான் அது அடுத்த பட்ஜெட்டைத் தாண்டும். லோகோ போடச் சொல்லும் கம்பெனிக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

அரசாணை வந்த அன்று ஊரில் அப்பா கிணற்றைப் பற்றிப் போனில் புலம்பிக்கொண்டிருந்தார். ஃபுட் வால்வு போய்விட்டதாம். சின்ன வயதில் எனக்கும் அந்த வேலை உண்டு. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் இருக்கும் அந்த வால்வு பிடிக்கவில்லையென்றால், மோட்டார் நின்றதும் குழாயிலிருக்கும் தண்ணீர் மொத்தமும் கீழே இறங்கிவிடும். மறுநாள் காலையில் குடம் குடமாக ஊற்றி நிரப்பினால்தான் பம்பு தண்ணீர் இழுக்கும். போனை வைத்ததும் கோயம்புத்தூருக்கு டிக்கெட் போட்டேன்.

"சார், போன தடவை ஒரு கேள்வி கேட்டீங்க. மோட்டார்தான் அரசாங்கம், தண்ணிதான் ஆராய்ச்சி. அதிகாரி மாறினா மோட்டார் நிக்குது. தண்ணி கீழ இறங்காம பிடிச்சு வைக்கிற ஃபுட் வால்வு நாங்க."

சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் வியாபாரி வெளியே வந்தார். "ஃபுட் வால்வு என்ன விலைன்னு தெரியுங்களா? மோட்டார் விலையில பத்துல ஒரு பங்குகூட வராதுங்க." நான் கேட்டிருந்த தொகையில் பாதிதான் கொடுத்தார், ஆனால் மூன்று வருடத்துக்கு. எந்தத் தலைப்பில் செலவு செய்தாலும் சரி, கணக்கு மட்டும் வர வேண்டும் என்றார். அவருடைய சொந்தப் பணம் என்பதால் அட்டவணை, பிப்ரவரி அவசரம் எதுவும் இல்லை. அந்தப் பணத்தில்தான் இரண்டு பேரின் சம்பளம் ஓடுகிறது. அவரே வேறு இரண்டு மில்காரர்களிடமும் என்னை அனுப்பினார். ஒருவர் கொடுத்தார், இன்னொருவர் காபியோடு சரி.

இரண்டாம் வருடத் தவணைக்காக ஏப்ரலில் போன் செய்தேன்.

"இந்த வருசமும் ஜிஓவுல உங்க பேரு வராதுங்களாம்மா?"

"வராது சார்."

"சரிங்க. வரிச் சலுகைக்கு 80ஜி சர்டிபிகேட் மட்டும் மே 31க்குள்ள அனுப்பிடுங்க. போன தடவை பான் நம்பர்ல ஒரு எழுத்து தப்பா இருந்துது."